சதுரம் என்றால் எந்தச் சதுரம்?

வாசகர் கேள்விகளுக்குக் கணக்கு ஆசிரியரின் பதில்கள்

சென்ற இதழில் இருபடிச் சமன்பாடுகளைக் காரணிப்படுத்துவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, செவ்வகத்தின் பரப்பளவை வைத்துக் கேட்கப்படும் வாக்கியக் கணக்குகளுக்கு விளக்கம் கேட்டுப் பல வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கூடலூர், களியக்காவிளை, நகரி என்று முகவரிகளில் பெரும்பாலானவை எல்லையோர ஊர்களாகவே இருந்தன. பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், இந்தப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிக்கொள்கிறேன். கணக்குகளில் தெரியாத அளவுக்கு ‘அ’ என்ற எழுத்தையே வைத்துக்கொள்கிறேன். பாடநூலில் எக்ஸ் என்று இருக்கும். எழுத்து மாறுவதால் கணக்கு மாறாது.

கேள்வி: ஐயா, நான் தமிழ் வழியில் படித்தவள். என் மகள் மலையாள வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ‘ஒரு சதுரத்தின் நீளம் வீதியைக் காட்டிலும் 12 மீட்டர் கூடுதல், பரப்பளவு 640 சதுர மீட்டர், நீளமும் வீதியும் எவ்வளவு?’ என்ற கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சதுரத்துக்கு நீளம் வேறு, அகலம் வேறாக எப்படி இருக்க முடியும் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. கடைசியில் 640-க்கு வர்க்கமூலம் எடுக்கச் சொன்னேன். 25.3 மீட்டர் என்று வந்தது. அது தவறு என்று மறுநாள் நோட்டில் சிவப்புக் கோடு போட்டு வந்திருக்கிறது. நான் எங்கே தவறினேன்? (ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை)

பதில்: அம்மா, நீங்கள் எடுத்த வர்க்கமூலத்தில் எந்தப் பிழையும் இல்லை. ‘சதுரம்’ என்ற ஒரே சொல்லில்தான் பிழை நுழைந்திருக்கிறது. தமிழில் சதுரம் என்றால் நான்கு பக்கமும் சமம். எதிரெதிர்ப் பக்கங்கள் மட்டும் சமமாக இருந்தால் செவ்வகம் என்கிறோம். மலையாளப் பாடநூலில் சதுரம் என்ற சொல்லே செவ்வகத்தைக் குறிக்கிறது. நான்கு பக்கமும் சமமானதை அங்கே சமசதுரம் என்று பிரித்துச் சொல்வார்கள். ஆந்திர எல்லைக்குப் போனால் இன்னொரு விதம்: தெலுங்கில் சதுரஸ்ரம் என்பது நம்முடைய சதுரம், செவ்வகத்துக்குத் தீர்க்கசதுரஸ்ரம், அதாவது நீண்ட சதுரம், என்று பெயர். வேள்வி மேடைகளின் அளவுகளைச் சொல்லும் பழைய சுல்ப சூத்திரங்களில் சமசதுரஸ்ரம், தீர்க்கசதுரஸ்ரம் என்ற இரண்டு சொற்களும் அருகருகே இருக்கின்றன. நான்கு மூலை உள்ளது என்ற பொதுப்பொருள் கொண்ட சொல்லை அடைமொழி இல்லாமல் தனியே நிறுத்தும்போது அது எந்த வடிவத்தைக் குறிக்கும் என்பதில் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் நம் பிள்ளைகள்.

இந்த ஒரு சொல்லோடு முடிவதில்லை. ‘வீதி’ என்றால் மலையாளத்தில் அகலம். நமக்கோ அது தெரு. ‘கூடுதல்’ என்றால் மலையாளத்தில் அதிகம் என்று பொருள். நம் தமிழ்ப் பாடநூலில் ‘இரு எண்களின் கூடுதல்’ என்று வந்தால் அது கூட்டுத்தொகை. நீளம் அகலத்தைவிட 12 கூடுதல் என்பதை, நீளமும் அகலமும் சேர்ந்தால் 12 என்று எடுத்துக்கொண்டு மூன்று பக்கம் கணக்குப் போட்ட பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சமன்பாட்டைத் தீர்க்க நன்றாகத் தெரியும். தீர்க்க வேண்டிய சமன்பாடு எது என்பதில்தான் தவறினார்கள். ஆகவே, வாக்கியக் கணக்கில் முதல் வேலை படம் வரைவது. நீளமாக ஒரு கட்டத்தை வரைந்து, குட்டைப் பக்கத்தில் ‘அ’ என்றும் நெட்டைப் பக்கத்தில் ‘அ + 12’ என்றும் மகள் எழுதிவிட்டாளானால், அதை எந்த மொழியில் என்ன பெயரிட்டு அழைத்தாலும் கவலையில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பளவு. ஆகவே,

அ × (அ + 12) = 640
அ² + 12அ − 640 = 0

பெருக்கினால் −640-உம் கூட்டினால் 12-உம் வரும் இரண்டு எண்கள் 32, −20. எனவே (அ + 32)(அ − 20) = 0. அகலம் எதிர்ம எண்ணாக இருக்க முடியாததால் −32-ஐத் தள்ளிவிடுகிறோம். அகலம் 20 மீட்டர், நீளம் 32 மீட்டர்.

விடை இவ்வளவுதான். ஆனால் மகள் இதைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து உட்காருங்கள். 4 கட்டம் அகலமும் 10 கட்டம் நீளமும் உள்ள ஒரு துண்டை வெட்டுங்கள். மொத்தம் 40 கட்டங்கள். நீளம் அகலத்தைவிட 6 கட்டம் அதிகம். அதிலிருந்து நான்குக்கு நான்கு என்று ஒரு சதுரத்தை வெட்டி வைத்துவிட்டால், மிச்சம் 4-க்கு 6 என்று ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டையைக் குறுக்குவாக்கில் நடுவே வெட்டுங்கள்; 4-க்கு 3 என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றொன்றைக் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுங்கள். ஏறக்குறைய ஒரு பெரிய சதுரம் கண்முன்னே நிற்கும். கீழ் வலது மூலையில் மட்டும் 3-க்கு 3 என்று ஒரு பொத்தல் இருக்கும். அந்த ஒன்பது கட்டத்தையும் வேறு தாளிலிருந்து வெட்டி ஒட்டிவிட்டால், 40 + 9 = 49; ஏழுக்கு ஏழு என்ற முழுச் சதுரம். அதன் பக்கம் 7. நாம் ஒட்டிய பட்டையின் அகலம் 3. கழித்தால் 4, அதுவே பழைய அகலம்.

பாடநூலில் ‘வர்க்கப் பூர்த்தி’ என்று பெரிய பெயரோடு வரும் முறை இதுதான். சதுரத்தில் குறைந்திருக்கும் மூலையை நிறைவு செய்கிறோம், அவ்வளவே. பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39 வருகிறது, எண் என்ன என்ற கணக்கை இப்படியே படம் போட்டுத் தீர்த்தார். பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. 39-உம் 25-உம் 64. அதன் வர்க்கமூலம் 8. எட்டில் ஐந்து போனால் 3. உங்கள் மகளின் கணக்குக்கு இதையே செய்து பாருங்கள். பன்னிரண்டில் பாதி 6. அதன் வர்க்கம் 36. 640-உம் 36-உம் 676. அது 26-இன் வர்க்கம். இருபத்தாறில் ஆறு போனால் 20. அந்த 26 எதைக் குறிக்கிறது என்றும் அவளிடம் கேளுங்கள். 20-க்கும் 32-க்கும் சரியாக நடுவில் இருக்கும் எண் அது. எந்தச் செவ்வகத்தை எடுத்தாலும் இப்படி ஒரு நடு எண் ஒளிந்திருக்கும். அதைப் பிடித்துவிட்டால் இரண்டு பக்கமும் கையில் வந்துவிடும்.

கேள்வி: ‘30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள பூந்தோட்டத்தின் உட்புறம் நான்கு ஓரமும் ஒரே அகலத்தில் நடைபாதை போட்டபின் செடிகளுக்கு 416 சதுர மீட்டர் மிஞ்சுகிறது; பாதையின் அகலம் என்ன?’ என்ற கணக்கில் எனக்கு 2, 23 என்று இரண்டு விடைகள் வந்தன. எதிர்ம எண் வந்தால் தள்ளிவிட வேண்டும் என்று படித்திருக்கிறேன். இரண்டுமே மிகை எண்களாக இருக்கும்போது எதைத் தள்ளுவது? (பத்தாம் வகுப்பு மாணவன், சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: தம்பி, முதலில் உன்னைப் பாராட்டுகிறேன். இந்தக் கணக்கில் பல பேர் ஒரு பக்கத்துப் பாதையை மட்டும் கழித்து (30 − அ)(20 − அ) என்று எழுதிவிடுவார்கள். நீ இரண்டு பக்கத்துப் பாதையையும் கழித்து (30 − 2அ)(20 − 2அ) = 416 என்று எழுதியதால்தான் அ² − 25அ + 46 = 0 என்ற சரியான சமன்பாடு கிடைத்தது. அதன் மூலங்கள் 2, 23 என்பதும் சரி.

எதிர்ம விடையைத் தள்ளு என்பதை விதியாக மனப்பாடம் செய்யாதே. கேட்ட பொருளுக்கு எந்த விடை பொருந்தவில்லையோ அதைத் தள்ளு. 20 மீட்டர் அகலத் தோட்டத்துக்குள் இரண்டு ஓரமும் 23 மீட்டரில் பாதை போட இடமில்லை; ஆகவே 23 தள்ளப்படுகிறது. இந்தக் காரணத்தை ஒரு வரியாக விடைத்தாளில் எழுத வேண்டும். காரணம் எழுதாமல் ஒரு விடையை அடித்துவிட்டுப் போவது, தெரியாமல் செய்ததா தெரிந்து செய்ததா என்று திருத்துபவருக்குக் காட்டாது.

ஆனால் தள்ளிய விடையையும் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார். 23-ஐச் சமன்பாட்டில் போட்டால் 30 − 46 = −16, 20 − 46 = −26. இவற்றைப் பெருக்கினால் மறுபடியும் 416. இரண்டை வைத்தால் கிடைக்கும் பக்கங்கள் 26, 16. ஆக, இரண்டு மூலங்களும் அதே செவ்வகத்தைத்தான் காட்டுகின்றன. ஒன்று நேராகக் காட்டுகிறது, மற்றொன்று எதிர்மக் குறியோடு, நீளத்தையும் அகலத்தையும் இடம் மாற்றிக் காட்டுகிறது. முதல் கேள்வியில் தள்ளப்பட்ட −32-ஐயும் பார்: −32-உடன் 12-ஐக் கூட்டினால் −20. அதே 20, அதே 32. சமன்பாட்டுக்குத் தோட்டமும் தெரியாது, நடைபாதையும் தெரியாது. பெருக்கினால் 416 வரும் எல்லா வழிகளையும் அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. தோட்டத்தில் நிற்பவர்கள் நாம். தேர்ந்தெடுப்பது நம் வேலை.

உன் வகுப்பில் மலையாளத்தில் ‘வழியுடெ வீதி’ என்று சொன்னால் அது பாதையின் அகலம். பாதை வேறு, தெரு வேறு என்று இரண்டு பொருள்களைத் தேடிக் குழம்பிவிடாதே.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் நீளமான பழைய மதிற்சுவர் ஒன்று இருக்கிறது. அதை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு மற்ற மூன்று பக்கமும் வலை அடித்து ஆட்டுப்பட்டி போட நினைக்கிறேன். என்னிடம் 60 மீட்டர் வலை இருக்கிறது. 432 சதுர மீட்டர் போதும் என்று ஒருவர் சொல்கிறார். 500 சதுர மீட்டர் எடுக்கலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். பள்ளியில் படித்த சமன்பாடு இதற்கு உதவுமா? (ஒரு விவசாயி, கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: நன்றாகவே உதவும் ஐயா. நீங்கள் வலையை வாங்கி, குழி தோண்டி, கல் நட்ட பிறகு தெரியவேண்டிய செய்தியை, தாளிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

சுவரிலிருந்து வெளியே வரும் பக்கத்தை ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். அப்படி இரண்டு பக்கங்கள் உண்டு. ஆகவே வலையில் 2அ போய்விடுகிறது. மிச்சமிருக்கும் 60 − 2அ, சுவருக்கு எதிரே ஓடும் நீளம். பரப்பளவு அ × (60 − 2அ). முதலாமவர் சொன்னபடி இது 432 ஆக வேண்டும்.

60அ − 2அ² = 432
அ² − 30அ + 216 = 0
(அ − 12)(அ − 18) = 0

அ = 12 என்றால் பட்டி 12-க்கு 36 மீட்டர். அ = 18 என்றால் 18-க்கு 24 மீட்டர். இரண்டுமே 432 சதுர மீட்டர். இரண்டுக்கும் அதே 60 மீட்டர் வலை போதும். இங்கே எந்த விடையையும் தள்ளத் தேவையில்லை. 36 மீட்டர் நீளத்துக்குச் சுவர் உறுதியாக இருக்கிறதா, வாசல் எந்தப் பக்கம் வேண்டும், தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இதே அளவுகளில் ஒரு கணக்கைத் தேர்வில் கேட்டிருந்தேன். கையிலிருந்த விடைக்குறிப்பில் 18-க்கு 24 என்று மட்டும் எழுதி வைத்திருந்ததால், 12-க்கு 36 என்று எழுதிய ஒரு மாணவனுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டேன். மறுநாள் அவன் அறுபது சாண் நீளமுள்ள தேங்காய்நார்க் கயிற்றோடு வந்தான். வகுப்புச் சுவரோரமாகக் கயிற்றை விரித்து, பன்னிரண்டு சாண், முப்பத்தாறு சாண், மறுபடி பன்னிரண்டு சாண் என்று மடக்கி, மூலைகளில் செங்கல் துண்டை வைத்து, ‘இதுவும் வருகிறதே சார்’ என்றான். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அங்கேயே மதிப்பெண்ணைத் திருத்தினேன். அன்றிலிருந்து விடைக்குறிப்பில் இரண்டு மூலங்களையும், தள்ளுவதாக இருந்தால் அதற்குக் காரணத்தையும் எழுதாமல் நான் ஒரு தாளையும் திருத்தியதில்லை. ஆசிரியர்கள் இதைப் படித்தால் அவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி 500 சதுர மீட்டருக்கு வருவோம். அ × (60 − 2அ) = 500 என்று எழுதிச் சுருக்கினால் அ² − 30அ + 250 = 0 என்று வரும். இதைத் தீர்க்கப் புகுவதற்கு முன் தன்மைகாட்டியைப் பார்க்க வேண்டும். அதாவது, நடு உறுப்பின் கெழுவுடைய (‘அ’-வின் முன் நிற்கும் எண்ணுடைய) வர்க்கத்திலிருந்து, முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் பெருக்கி வருவதன் நான்கு மடங்கைக் கழிக்க வேண்டும். 900 − 1000 = −100. வர்க்கமூலம் எடுப்பதற்கு இடமில்லாத எதிர்ம எண் வந்துவிட்டது. 60 மீட்டர் வலையைச் செவ்வகமாக எப்படி மடக்கினாலும் அந்தச் சுவரோரம் 500 சதுர மீட்டர் கிடைக்காது என்பதே இதன் பொருள். இரண்டாமவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டுக் கல் நடவேண்டாம்.

அப்படியானால் அதிகபட்சம் எவ்வளவு? அ² − 30அ என்பதில் முப்பதின் பாதி 15. அதன் வர்க்கமாகிய 225-ஐக் கொண்டு சதுரத்தை நிறைவு செய்தால், பரப்பளவு என்பது 450-இலிருந்து (அ − 15)-இன் வர்க்கத்தின் இரண்டு மடங்கைக் கழித்தது என்று வரும். வர்க்கம் ஒருபோதும் எதிர்மமாகாது. கழிக்கிற பகுதி பூச்சியமாக இருக்கும்போதுதான் பரப்பளவு மிக அதிகம். ஆகவே 15-க்கு 30 என்று அடித்தால் 450 சதுர மீட்டர் கிடைக்கும், அதுதான் உச்சம். உங்கள் 12-உம் 18-உம் அந்தப் பதினைந்துக்கு இரு பக்கமும் மூன்று மீட்டர் தள்ளி நிற்பதையும் கவனியுங்கள். நடு எண்ணிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரம் விலகிப் பார்க்கும் இந்த வழி, சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர் களிமண் பலகைகளில் எழுதி வைத்த பரப்பளவுக் கணக்குகளிலேயே இருக்கிறது.

கதவுக்கு விடும் இடத்தையும், மூலைகளில் வலை மடங்கிப் போகும் நீளத்தையும் 60 மீட்டரிலிருந்து முதலிலேயே கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: 5 சென்ட் செவ்வக மனை, நீளம் அகலத்தைவிட 33 அடி அதிகம் என்றால் அளவுகள் என்ன? அ × (அ + 33) = 5 என்று எழுதித் தீர்த்தேன். விடை பொருந்தவில்லை. (ஒரு வாசகி, களியக்காவிளை)

பதில்: உங்கள் சமன்பாட்டின்படி மனையின் அகலம் ஏறக்குறைய 0.15 அடி, அதாவது இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. இடப்பக்கத்தில் அடியை அடியால் பெருக்கியிருக்கிறீர்கள். அது சதுர அடி. வலப்பக்கத்தில் இருப்பது சென்ட். இரண்டையும் சமக்குறியால் இணைக்க முடியாது.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் 2,178 சதுர அடி. இப்போது எழுதுங்கள்: அ² + 33அ − 2178 = 0. தன்மைகாட்டி 1,089 + 8,712 = 9,801; அதன் வர்க்கமூலம் 99. ஆகவே அ = (99 − 33) ÷ 2 = 33. மனை 33-க்கு 66 அடி.

இது இவ்வளவு சுத்தமாக வந்தது தற்செயல் அல்ல. நில அளவையில் நெடுங்காலம் புழங்கிய சங்கிலியின் நீளம் 66 அடி; 1620-இல் எட்மண்ட் குந்தர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் அறிமுகப்படுத்தியது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஆகவே ஒரு சங்கிலி நீளமும் அரைச் சங்கிலி அகலமும் உள்ள மனை சரியாக ஐந்து சென்ட் ஆகிறது.

எல்லைப்பகுதியில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. வாய்ப்பேச்சில் இரு மாநிலத்திலும் சென்ட் என்றே சொல்கிறோம். ஆனால் தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றும், கேரளத்தில் நாம் ‘ஆதாரம்’ என்று சொல்லும் பத்திரத்தில் ஆர் என்றும் பரப்பு எழுதப்படுகிறது. ஏரும் ஆரும் ஒன்றே: 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். பத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் பக்க அளவுகளை மீட்டரிலும், கயிறு பிடித்து அளந்தவர்கள் அடியிலும் வைத்துக்கொண்டு, பரப்பையும் அதே அலகுக்கு மாற்றிய பின்னரே சமன்பாட்டை எழுத வேண்டும்.

கேள்வி: நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம், பரப்பளவு 50 சதுர மீட்டர். எவ்வளவு தேடியும் காரணிகள் கிடைக்கவில்லை. கணக்கு தவறா? (ஒரு மாணவி, நகரி, ஆந்திரம்)

பதில்: கணக்கு சரிதான் மகளே. அ² + 3அ = 50 என்பதற்கு முழு எண் விடை இல்லை, அவ்வளவே. உண்மையான நிலங்களும் அறைகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மூன்றில் பாதி ஒன்றரை. பின்னத்தோடு வர்க்கப் பூர்த்தி செய்வது தொல்லை. அதற்கு ஸ்ரீதரர் என்ற பழைய இந்தியக் கணித அறிஞர் சொன்ன அழகான வழி ஒன்று உண்டு. அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் இந்த விதி பிழைத்தது. இருபக்கமும் முதல் கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கு. பிறகு, பெருக்குவதற்கு முன் இருந்த நடுக் கெழுவின் வர்க்கத்தை இருபக்கமும் கூட்டு.

4அ² + 12அ = 200
4அ² + 12அ + 9 = 209
(2அ + 3)² = 209

209-இன் வர்க்கமூலம் சுமார் 14.46. மூன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் அகலம் சுமார் 5.73 மீட்டர், நீளம் 8.73 மீட்டர். நீ மனப்பாடம் செய்யும் சூத்திரம் இந்த மூன்று வரிகளிலிருந்து வந்ததுதான். சூத்திரம் மறந்துபோனால் இந்த வரிகளை எழுதிப் பார், தானே வந்துவிடும்.

கேள்வி: வகுப்பில் பயிற்சிக்குப் புதிய கணக்குகளை நாங்களே உருவாக்குவது எப்படி? எண்களை இஷ்டத்துக்குப் போட்டால் விடை அசிங்கமாக வருகிறது. (ஓர் ஆசிரியை, வேலந்தாவளம்)

பதில்: விடையிலிருந்து தொடங்குங்கள். 14-க்கு 23 என்று ஒரு செவ்வகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், வித்தியாசம் 9, பரப்பளவு 322, சுற்றளவு 74. வித்தியாசத்தையும் பரப்பளவையும் கொடுத்தால் ஒரு கணக்கு. சுற்றளவையும் பரப்பளவையும் கொடுத்தால் இன்னொரு கணக்கு. இரண்டாவதில் சமன்பாடு அ² − 37அ + 322 = 0 என்று வரும்; 14, 23 என்ற இரண்டு மூலங்களுமே மிகை. ஒன்று அகலம், மற்றொன்று நீளம். அதே செவ்வகத்திலிருந்து இரண்டு கேள்வி கேட்டால், ஒன்றில் ஏன் ஒரு மூலம் தள்ளப்படுகிறது, மற்றொன்றில் ஏன் தள்ளப்படுவதில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். கேட்கும்வரை நீங்கள் சொல்லாதீர்கள்.

பத்துக் கணக்குக்கு ஒன்றாவது காரணிப்படாததாகவும், ஒன்றாவது தீர்வே இல்லாததாகவும் இருக்கட்டும். எல்லாக் கணக்கிலும் அழகான முழு எண் வந்துகொண்டே இருந்தால், கூடலூர் அன்பர் கேட்டதைப் போன்ற கேள்வி உண்மையில் எதிர்ப்படும்போது பிள்ளைகள் திகைத்துவிடுவார்கள்.

கணக்கை வாக்கியமாக எழுதும்போது, உங்கள் வகுப்பில் தமிழும் மலையாளமும் கலந்திருந்தால், செவ்வகம், அகலம், அதிகம் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் சிறிய படம் ஒன்றையும் கரும்பலகையில் போட்டுவிடுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி: 40 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள தென்னந்தோப்பின் நடுவே, நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாக, ஒரே அகலமுள்ள இரண்டு வண்டிப்பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தோப்பின் ஓரம்வரை போகின்றன. பாதைகள் போக மரங்களுக்கு 912 சதுர மீட்டர் மிஞ்சுகிறது. பாதையின் அகலம் என்ன? இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடத்தை இருமுறை கழித்துவிடாதீர்கள். தள்ளிய மூலத்தையும், அதைத் தள்ளிய காரணத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். படம் கட்டாயம் இருக்க வேண்டும்.